ஒற்றைத் தொலைபேசியும் ஒரு கதவும்

கணினி வலைகளின் பால்யகாலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பொற்காலக் கதையைச் சொல்வார்கள். ஆதியில் எல்லாம் திறந்து கிடந்தது, யாரும் வரலாம், யாரும் எழுதலாம், பிறகுதான் வணிகமும் அரசும் வந்து வேலி போட்டன என்பது அக்கதையின் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1980களின் நடுவில், அமெரிக்க நகரம் ஒன்றில் மோடம் வைத்திருந்த ஒருவர், அறிவிப்புப் பலகை ஒன்றை முதன்முறையாகத் தொலைபேசியில் அழைத்தபோது பெரும்பாலும் அவரை எதிர்கொண்டது ஒரு கேள்வித்தாள். உங்கள் இயற்பெயர் என்ன? எந்த ஊர்? தொலைபேசி எண் என்ன? என்ன கணிப்பொறி வைத்திருக்கிறீர்கள்? இந்தப் பலகையைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்கள்? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் தட்டெழுதி முடித்தால், விண்ணப்பம் பரிசீலிக்கப்படும், ஓரிரு நாள் கழித்து அழைக்கவும் என்று ஒரு வரி வரும். இணைப்பு துண்டிக்கப்படும்.

உலகத்தோடு பேசுவதற்கென்று ஒரு பலகையை நிறுவிவிட்டு, அதன் வாசலில் ஏன் இத்தனை காவல்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு மூலையில் தொடங்கி, பொது இடம் என்றால் என்ன, அதைக் காப்பாற்றுவது யார் கடமை என்கிற பழைய சிக்கலில் போய் நிற்கிறோம்.

முதல் பலகையிலிருந்தே தொடங்குவோம். 1978 ஜனவரியில் சிகாகோ நகரம் கடும் பனிப்பொழிவில் முடங்கிக் கிடந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் பணிபுரிந்த வார்ட் கிறிஸ்டென்சன், வேலைக்குச் செல்ல முடியாமல் வீட்டில் இருந்தபடி தன் நண்பர் ராண்டி சூயஸை அழைத்தார். இருவரும் அந்நகரின் கணிப்பொறி ஆர்வலர் சங்கமொன்றின் உறுப்பினர்கள். சங்கத்தின் செய்தி மடலுக்கு உறுப்பினர்கள் தொலைபேசி வழியாகவே கட்டுரைகளை அனுப்ப ஒரு வசதி செய்யலாமே என்பது கிறிஸ்டென்சனின் யோசனை. குழு அமைத்துப் பேசிக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது, நாமிருவரே செய்துவிடுவோம் என்றார் சூயஸ். மென்பொருளை ஒருவர் எழுதினார். வன்பொருளை மற்றவர் பூட்டினார். சங்கக் கூட்டங்களில் சுவரில் தொங்கும் தக்கைப் பலகையில் 'வண்டியில் இடம் வேண்டும்', 'உதிரி பாகம் விற்பனைக்கு' என்று துண்டுச்சீட்டுக் குத்தி வைப்பார்கள். அதையே மாதிரியாகக் கொண்டு 'கணினிமயமாக்கப்பட்ட அறிவிப்புப் பலகை' என்று பெயரிட்டார்கள். சுருக்கமாக சிபிபிஎஸ். வேலை இரண்டே வாரத்தில் முடிந்துவிட்டது என்றும், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் ஒரு மாதம் என்று சொல்லிக்கொண்டோம் என்றும் கிறிஸ்டென்சன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1978 பிப்ரவரி 16 என்பது அதிகாரபூர்வமான பிறந்த நாள்.

இந்தப் பலகை சூயஸின் வீட்டில் இருந்தது. காரணம் எளிமையானது. அவர் வீடு நகரத்துக்குள் இருந்தது, சிகாகோவிலிருந்து அழைப்பவர்களுக்கு அது உள்ளூர் அழைப்பு. தொலைபேசி மணி அடித்தால் கணிப்பொறி தன்னைத்தானே உயிர்ப்பித்துக்கொண்டு மென்பொருளை ஏற்றும். அழைத்தவர் வந்த செய்திகளைப் படிக்கலாம், தன் செய்தியை விட்டுச் செல்லலாம். அவர் போனபின் அடுத்தவர். அது மூடப்படுவதற்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை ஏற்றது என்பார்கள். அத்தனை அழைப்புகளும் ஒருவர்பின் ஒருவராக, ஒரே வாசல் வழியே வந்தவை.

கட்டுப்பாட்டின் முதல் விதை இங்கேதான் இருக்கிறது. யாரும் யாரையும் தடுக்க நினைப்பதற்கு முன்பே, அந்த ஒற்றைத் தொலைபேசி இணைப்பு எல்லோரையும் தடுத்தது. ஒருவர் உள்ளே இருந்தால் மற்ற அனைவரும் வெளியே. அவர்களுக்குக் கேட்பது 'இணைப்பு உபயோகத்தில் உள்ளது' என்று சொல்லும் அந்த விட்டுவிட்டு ஒலிக்கும் ஓசை மட்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அக்கால மோடத்தின் வேகம் 300 பாட். நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். மூவாயிரம் எழுத்துள்ள ஒரு சிறு கட்டுரை திரையில் முழுதாக வந்து சேர 100 நொடிகள். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். ஆளுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால், இடைவெளியே இல்லாமல் இரவு பகலாக அழைப்பு வந்தாலும், 48 பேருக்குமேல் ஒரு நாளில் உள்ளே வர முடியாது. ஒருவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் ஆறு பேருடைய முறை பறிபோகிறது. ஆகவே பலகைகள் நேர வரம்பு விதித்தன. புதியவருக்குப் பதினைந்து இருபது நிமிடம், பழகியவருக்கு ஒரு மணி நேரம் என்பதுபோல ஒரு ஏற்பாடு. நேரம் முடிந்ததும் மென்பொருள் ஈவிரக்கமின்றி இணைப்பைத் துண்டித்துவிடும்.

இடமும் அப்படித்தான். அந்நாளைய எட்டு அங்குல நெகிழ்வட்டு ஒன்றில் இருநூறு சொச்சம் கிலோபைட் கொள்ளும். ஆயிரம் எழுத்துச் செய்திகள் என்றால் அதிகபட்சம் இருநூற்றைம்பது. மென்பொருளும் அதே வட்டில் இருந்தால் அதைவிடக் குறைவு. புதிய செய்திக்கு இடம் வேண்டுமென்றால் பழையது அழிக்கப்பட வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த 'யாரோ' பலகையின் உரிமையாளர். அமெரிக்கர்கள் அவரை சிஸ்ஆப் என்று அழைத்தார்கள்.

இந்த சிஸ்ஆப் என்கிற மனிதரைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் சேவைகளின் பின்னே பெருநிறுவனங்கள் இருக்கின்றன. அன்று இருந்தவர் ஒரு தனி மனிதர். பகலில் வேறு வேலை பார்ப்பவர். தன் சம்பளத்தில் கணிப்பொறி வாங்கி, இரண்டாவது தொலைபேசி இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டி, படுக்கையறையிலோ நிலவறையிலோ அதை வைத்திருப்பவர். இரவு இரண்டு மணிக்கு வட்டு சுழலும் ஓசை கேட்டு விழித்துக்கொள்பவர். அவருடைய திரையில் அழைத்தவர் தட்டுவது எழுத்து எழுத்தாகத் தெரியும். வேண்டுமென்றால் குறுக்கிட்டு, வணக்கம், நான்தான் இந்தப் பலகையை நடத்துகிறவன் என்று பேசத் தொடங்கலாம். எனவே பலகைக்குள் வருவதென்பது ஒரு பொதுக்கட்டடத்துக்குள் நுழைவதைவிட ஒருவருடைய வீட்டுக்குள் போவதற்கே நெருக்கமானது. வீட்டுக்காரர் பெயரைக் கேட்பதில் வியப்பில்லை.

சரி, வீட்டுக்காரர் கேட்காமலே விட்டிருந்தால்? அப்படியும் ஒரு சோதனை நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 1978இல் தொடங்கிய கம்யூனிட்ரீ என்ற பலகை அது. செய்திகளை வரிசையாக அடுக்காமல், ஒரு மரத்தின் கிளைகள்போல ஒன்றிலிருந்து ஒன்று பிரியும்படி அமைத்திருந்தார்கள். அதை உருவாக்கியவர்களுக்கு அது வெறும் மென்பொருள் அல்ல, சமூகத்தையே மாற்றப்போகும் ஓர் ஆன்மிக, அரசியல் முயற்சி. தணிக்கை என்ற சொல்லே அவர்களுக்கு ஒவ்வாதது. வருகிற செய்திகளை நடத்துபவர் வேவு பார்ப்பதும், எளிதாக நீக்குவதும் அதன் வடிவமைப்பிலேயே இல்லை.

பின்னர் நடந்ததை அல்லுக்வேர் ரோசன் ஸ்டோன் 1991இல் வெளியான தன் கட்டுரையில் விவரிக்கிறார். 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் வரிச்சலுகைக்கு ஈடாகக் கலிஃபோர்னியாவின் பள்ளிகளுக்குக் கணிப்பொறிகளை வழங்கியது. சிறுவர்கள் கைக்கு மோடம் வந்தது. அவர்கள் கம்யூனிட்ரீயின் எண்ணைக் கண்டுபிடித்தார்கள். தத்துவ விவாதம் அவர்களுக்குச் சலிப்பூட்டியது. தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் எழுதித் தள்ளினார்கள். வட்டு நிரம்பி வழிந்தது. நிர்வாகிகள் அழிக்க அழிக்க, புதியவை வந்தன. அழிப்பதற்கு வசதியில்லாத மென்பொருளோ இந்தத் தாக்குதலுக்கு முன் செயலிழந்து நின்றது. வேறு சிலர் அமைப்பையே முடக்கும் வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் மரம் பட்டுப்போயிற்று.

இந்தக் கதையில் என்னைத் தொந்தரவு செய்வது ஒன்று உண்டு. அதில் வில்லன் யாரும் இல்லை. பள்ளிக்குக் கணிப்பொறி கொடுத்தது நல்ல காரியம். பிள்ளைகள் சேட்டை செய்வது இயல்பு. தணிக்கை வேண்டாம் என்றது உயர்ந்த எண்ணம். இவை மூன்றும் ஓரிடத்தில் சந்தித்தபோது, பேசுவதற்கென்று கட்டிய இடம் பேச முடியாத இடமாயிற்று. கதவில்லாத வீட்டில் கடைசியில் வீட்டுக்காரனுக்கும் இடமில்லாமல் போனது. அதற்குப் பிறகு வந்த பலகைகள் கடவுச்சொல்லையும், செய்தியை நீக்கும் வசதியையும், பயனரை விலக்கும் அதிகாரத்தையும் அடிப்படைத் தேவைகளாகக் கொண்டன என்று ஸ்டோன் எழுதுகிறார். சுதந்திரத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் அவற்றைச் சேர்க்கவில்லை. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்கள் சேர்த்தார்கள்.

அருகிலுள்ள பெர்க்லி நகரில் இன்னொரு பாதை தெரிந்தது. 1973இல் லீ ஃபெல்சன்ஸ்டைனும் நண்பர்களும் கம்யூனிட்டி மெமரி என்ற பெயரில், லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையின் வாசலில் ஒரு தொலைத்தட்டெழுதியை வைத்தார்கள். அது சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்த பெரிய கணிப்பொறி ஒன்றோடு தொலைபேசி வழியே இணைக்கப்பட்டிருந்தது. பதிவு கிடையாது, பெயர் கேட்பது கிடையாது. கடைக்கு வந்த யாரும் உட்கார்ந்து தட்டலாம். இசைக்குழுவுக்கு ஆள் தேடியவர்கள், அறை தேடியவர்கள், வேடிக்கையாக எழுதியவர்கள் என்று பலரும் எழுதினார்கள். 1975இன் தொடக்கத்தில் அது நின்றது. 1984இல் அதே குழு மீண்டும் தொடங்கியபோது நாணயம் போடும் முனையங்களை வைத்தது. படிப்பது இலவசம். பதில் எழுத 25 சென்ட். புதிய விவாதம் ஒன்றைத் தொடங்க ஒரு டாலர்.

இந்தச் சிறு விலைப்பட்டியலில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவர்கள் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. பேச்சுக்குமுன் ஒரு கணம் தயங்க வைத்தார்கள், அவ்வளவே. ஆனால் கையில் 25 சென்ட் இல்லாதவனுக்கு அந்தத் தயக்கம் ஒரு சுவர். வாசலில் வைக்கப்படும் எந்தத் தடையும் இப்படித்தான். யாரைத் தடுக்க வைத்தோமோ அவனோடு சேர்த்து வேறொருவனையும் தடுத்துவிடுகிறது.

இதுவரை பார்த்த காரணங்கள் பற்றாக்குறையும் சேட்டையும். மூன்றாவது காரணம் அச்சம். 1983இல் 'வார் கேம்ஸ்' என்ற திரைப்படம் வந்தது. ஒரு பள்ளி மாணவன் மோடத்தின் வழியே ராணுவக் கணிப்பொறிக்குள் நுழைந்து உலகப் போரைத் தொடங்கிவிடப் பார்க்கிற கதை. அதே ஆண்டில், தங்கள் ஊரின் தொலைபேசிப் பகுதி எண்ணையே குழுப்பெயராகக் கொண்ட '414' என்ற மில்வாக்கி இளைஞர் கூட்டம், லாஸ் அலமோஸ் அணு ஆய்வகம், நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களின் கணிப்பொறிகளுக்குள் நுழைந்ததாகப் பிடிபட்டது. மோடம் வைத்திருப்பவனைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் தொடங்கியது.

1984 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை டாம் சிம்பிடிஸ் என்ற சிஸ்ஆபின் வீட்டுக்கு வந்து கணிப்பொறியையும் வட்டுகளையும் எடுத்துச் சென்றது. அவர் செய்த குற்றம் என்ன? அவருடைய பலகையில் யாரோ திருட்டுத் தொலைபேசி அட்டை எண்களை எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர் யாரென்று தெரியாது. பலகை யாருடையதென்று தெரியும். தொலைபேசி நிறுவனத்தின் புகார் அவர்மேல் பாய்ந்தது. 1985இல் வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் செய்தி நாடெங்குமுள்ள சிஸ்ஆப்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சுவரில் எவனோ எழுதியதற்குச் சுவரின் சொந்தக்காரன் பதில் சொல்ல வேண்டும்.

அதன் பின்னர் கேள்வித்தாள் நீண்டது. இயற்பெயர் கட்டாயமாயிற்று. கொடுத்த எண்ணுக்கு சிஸ்ஆபே தொலைபேசி செய்து, ஒரு மனிதக் குரலைக் கேட்ட பிறகே அனுமதி தருவது வழக்கமாயிற்று. பிறகு அதையும் மென்பொருளே செய்தது. புதியவர் அழைப்பார், தன் எண்ணைத் தருவார், இணைப்பைத் துண்டிப்பார். பலகையின் கணிப்பொறி அந்த எண்ணைத் திருப்பி அழைக்கும். அவருடைய மோடம் எடுத்தால் எண் உண்மையானது. பயனர்களுக்குப் படிநிலைகள் வந்தன. டபிள்யூடபிள்யூஐவி போன்ற மென்பொருள்களில் பூஜ்யத்திலிருந்து 255 வரை ஓர் எண், அவரவர் தகுதியைக் குறிக்கும். அந்த எண்ணைப் பொறுத்து எந்த அறை திறக்கும், எத்தனை நிமிடம், எந்தக் கோப்பு என்பதெல்லாம் முடிவாகும்.

சட்டம் இந்தக் கதவை எப்படிப் பார்த்தது என்பது இவ்வரலாற்றின் விசித்திரமான பகுதி. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டத்தை இயற்றியது. தபால் உறைக்கும் தொலைபேசிப் பேச்சுக்கும் இருந்த பாதுகாப்பு கணிப்பொறிச் செய்திக்கும் கிடைத்தது. ஆனால் பொதுமக்கள் எவரும் எளிதில் அணுகும்படி வைக்கப்பட்ட செய்திக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது நியாயமும்கூட. தெருவில் ஒட்டிய சுவரொட்டியைப் படிப்பது குற்றமாக முடியாது. விளைவு என்னவென்றால், கதவு வைத்த பலகைக்குள் நடக்கும் பேச்சுக்கு அந்தரங்கம் உண்டு, திறந்த பலகைக்கு இல்லை. கடவுச்சொல் கேட்பது இப்போது வெறும் காவல் அல்ல. உள்ளே இருப்பவர்களின் உரிமைக்கே அது சாட்சியாயிற்று.

அந்தச் சாட்சி 1990இல் தேவைப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 1ஆம் தேதி, டெக்சஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற சிறிய விளையாட்டு நூல் பதிப்பகத்துக்குள் அமெரிக்க ரகசிய சேவைத் துறை புகுந்தது. தொலைபேசி நிறுவனத்தின் ஓர் உள் ஆவணம் கசிந்ததைப் பற்றிய விசாரணை அது. பதிப்பகத்துக்கு அதில் தொடர்பில்லை. அதன் ஊழியர் ஒருவர்மேல் சந்தேகம், அவ்வளவே. அதிகாரிகள் எடுத்துச் சென்ற கணிப்பொறிகளில் இலுமினாட்டி என்ற பெயரில் நிறுவனம் நடத்திய பலகையும் இருந்தது. அதில் உரியவர்கள் இன்னும் படிக்காத 162 கடிதங்கள் இருந்தன. அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு நூலின் கையெழுத்துப் பிரதியும் போயிற்று. நிறுவனம் ஆட்குறைப்பு செய்ய நேர்ந்தது. கசிந்த ஆவணத்துக்குத் தொலைபேசி நிறுவனம் முதலில் மதிப்பிட்ட விலை 79,449 டாலர். அதே விவரங்கள் அடங்கிய வெளியீட்டை அதே தொழிலில் யாரும் பதின்மூன்று டாலருக்கு வாங்கலாம் என்று பிறகு நீதிமன்றத்தில் தெரியவந்தது.

1993இல் நீதிபதி சாம் ஸ்பார்க்ஸ், ரகசிய சேவை சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் இழப்பீடும், வழக்குச் செலவும் கிடைத்தன. யாரோ ஒருவருடைய பலகையில் கிடக்கும் கடிதமும் கடிதமே, அதைப் பிரிக்கத் தனி அனுமதி வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டது. மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை 1990 ஜூலையில் தொடங்கப்பட்டதற்கு அந்த ஆண்டின் இத்தகைய சோதனைகளே உடனடிக் காரணம்.

ஆனால் அதே கதவு அடுத்த சில ஆண்டுகளில் தூக்குக்கயிறாகவும் ஆனது. கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி, வயதுவந்தோருக்கான படங்கள் கொண்ட ஒரு பலகையைக் கட்டணத்துக்கு நடத்தினர். விண்ணப்பம், முகவரி, தொலைபேசிச் சரிபார்ப்பு எல்லாம் அதில் உண்டு. டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரிலிருந்து ஒரு தபால்துறை ஆய்வாளர் பொய்ப்பெயரில் உறுப்பினரானார். 1994இல் மெம்ஃபிஸின் ஒழுக்க அளவுகோலின்படியே அவர்கள் தண்டிக்கப்பட்டனர். 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. யாரைச் சேர்ப்பது என்று தேர்வு செய்யும் ஏற்பாடு உங்களிடம் இருந்தது, எந்த ஊரிலிருந்து அழைக்கிறார் என்று தெரிந்தே அனுமதித்தீர்கள், வேண்டாமென்றால் மெம்ஃபிஸ்காரரை மறுத்திருக்கலாமே என்றது நீதிமன்றம். பத்தாண்டுகளுக்கு முன் அந்தரங்கத்தின் அடையாளமாயிருந்த கதவு, இப்போது பொறுப்பின் அடையாளமாகிவிட்டது. பூட்டியவனுக்கே யார் உள்ளே வந்தார்கள் என்று தெரியும். தெரிந்தவனே பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் படங்களின்மேல் நமக்கு எந்தப் பரிவும் இல்லாமலிருக்கலாம். ஆனாலும் இந்த இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, கதவு வைத்தவர்களின் இக்கட்டு புரிகிறது. திறந்து வைத்தால் காவல்துறைக்குத் தடையில்லை. மூடி வைத்தால் முழுப் பொறுப்பு.

இனி எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். எல்லாக் கதவுகளும் தற்காப்புக்காக வைக்கப்பட்டவை அல்ல. திருட்டு மென்பொருள் பரிமாறிய பலகைகளில் கதவு என்பது அந்தஸ்து. உள்ளே இருக்கும் இருவர் பரிந்துரைத்தால்தான் அனுமதி, இத்தனை கோப்புகளைக் கொடுத்தால்தான் இத்தனை எடுக்கலாம் என்ற விகிதக் கணக்கு, புதியவர்களுக்கென்றே ஒரு தனிக் கடவுச்சொல். அங்கே விலக்கப்படுவோர் இருப்பதாலேயே உள்ளே இருப்பதற்கு மதிப்பு. சாதாரணப் பலகைகளிலும், சிஸ்ஆபுக்குப் பிடிக்காதவன் ஒரு நாள் காலையில் தன் படிநிலை பூஜ்யமாகியிருப்பதைக் கண்டான். மேல்முறையீடு செய்ய இடமில்லை. இயற்பெயர் கேட்பது சிலருக்கு வெறும் சம்பிரதாயம், சிலருக்கு ஆபத்து. 1985இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் பற்றிய தகவலுக்கென்றே ஒரு பலகை தொடங்கப்பட்டது. அந்த ஆண்டுகளில், வேலையும் உறவும் போய்விடுமென்ற பயத்தோடு இரவில் அத்தகைய எண்ணை அழைக்கும் ஒருவனிடம் 'உன் பெயரென்ன' என்று கேட்பது என்ன அர்த்தம் கொள்ளும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதே ஊரில், மூடுவதைத் திறப்பதற்கான வழியாக்கியவர்களும் இருந்தார்கள். 1984இல் டாம் ஜென்னிங்ஸ், பால்டிமோரிலிருந்த ஜான் மேடில் என்பவரோடு சேர்ந்து ஃபிடோநெட் வலையைத் தொடங்கினார். தொலைதூர அழைப்பின் கட்டணம் குறைவாக இருக்கும் பின்னிரவில், ஒரு மணி நேரம், எல்லாப் பலகைகளும் மனிதர்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் கணிப்பொறிகள் ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றிக்கொள்ளும். விடிந்து பார்த்தால், உள்ளூர்ப் பலகையில் எழுதியது கண்டத்தின் மறுகோடியில் போய்ச் சேர்ந்திருக்கும். 1990களின் நடுவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள் இவ்வலையில் இருந்தன. தொலைதூர அழைப்புக்குக் காசில்லாதவன் உலகத்தோடு பேசினான். அதற்கு விலை, நாளொன்றுக்கு ஒரு மணி நேர மூடிய கதவு.

1990களின் இறுதிக்குள் இணையம் இந்தப் பலகைகளைப் பெரும்பாலும் காலி செய்துவிட்டது. ஒற்றைத் தொலைபேசி என்ற பிரச்சினை மறைந்தது. வட்டில் இடமில்லை என்ற பிரச்சினையும் மறைந்தது. பற்றாக்குறையால் பிறந்த கட்டுப்பாடுகள் பற்றாக்குறையோடு போயிருக்க வேண்டும். ஆனால் கேள்வித்தாள் மட்டும் போகவில்லை. இன்று ஏதேனும் ஒரு சேவையில் சேரும்போது கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண், அன்றைய திருப்பி அழைக்கும் ஏற்பாட்டின் நேர் வாரிசுபோலவே இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். அன்று எண்ணைக் கேட்டவர் யாரென்று நமக்கும் தெரிந்திருந்தது. பல ஊர்களில் பலகைக்காரர்கள் மாதமொருமுறை ஏதேனும் உணவுவிடுதியில் கூடிச் சாப்பிட்டார்கள். தன்னை விலக்கிய சிஸ்ஆபிடம் நேரில் போய்ச் சண்டை போட முடிந்தது. காவல் இருபுறமும் இருந்தது என்று சொல்லலாம்.

நம் பழைய வீடுகளில் திண்ணை என்று ஒன்று இருந்தது. வழிப்போக்கன் கேட்காமலே உட்காரலாம். ஆனால் ரேழி தாண்டிப் போக வேண்டுமானால் உள்ளிருந்து ஒருவர் யாரென்று கேட்பார். யார் திண்ணைவரை வரலாம் என்பதையே சாதி தீர்மானித்தது என்பதையும் நாம் மறக்க முடியாது. எனவே கதவு இருப்பதா இல்லாமலிருப்பதா என்பது பாதிக் கேள்வி. அது எதற்காக இருக்கிறது, திறக்கும்படி யாரிடம் கேட்கலாம், மறுத்தால் காரணம் சொல்வார்களா என்பவை மீதிப் பாதி. அந்தப் பலகைகளில் நல்லவை இதற்கெல்லாம் பதில் வைத்திருந்தன. மோசமானவை வைத்திருக்கவில்லை.

ராண்டி சூயஸ் 2019இல் காலமானார். வார்ட் கிறிஸ்டென்சன் 2024இல். தங்கள் பலகையால் அவர்கள் பெரும் பணம் ஈட்டவில்லை. முன்பின் அறியாத யாரோ ஒருவர் அழைத்தபோதெல்லாம், மணியோசை கேட்டு அவர்களுடைய அந்தச் சிறிய கணிப்பொறி விழித்துக்கொண்டு, வந்தவருக்கு இடம் கொடுத்தது. அவர் போனபின் அடுத்தவருக்காகக் காத்திருந்தது.